குழாய்க்கு அனுமதி கொடுப்பவர்

ஓவர்சியர் டேப்பை விரிக்கவே இல்லை. வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு இறங்கியவர், கொல்லையின் நட்டநடுவில் வரிசையாக ஊன்றியிருந்த ஆரஞ்சு நிறக் குச்சிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது என்னங்கம்மா?"

"கேஸ் குழாய் போகப்போகுதாம். அளந்து நட்டுட்டுப் போயிருக்காங்க" என்றாள் உண்ணாமலை.

"அப்ப இங்க எப்படி வீட்டுக்கு மார்க் பண்ண முடியும்? குழாய் போற எடத்துல கட்டடம் கட்டக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. கடலை, உளுந்துன்னு வெள்ளாமை மட்டும் பண்ணிக்கலாம்."

"குச்சியக் கொஞ்சம் தள்ளி நடச் சொல்லலாமுல்லங்க?"

"சொல்லலாம். யாருகிட்ட சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியலை." அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "ஒத்தை ரூம் கட்டுறதா இருந்தாக்கூட நீங்க பஞ்சாயத்துல பிளான் அப்ரூவல் வாங்கணும். குழாய்க்கு அப்ரூவல் யாரு குடுக்கிறாங்கன்னு விசாரிங்க. அவங்க மாத்திக் குடுத்தா நான் மறுநாளே வந்து மார்க் பண்ணித் தாரேன்."

வண்டி போன பிறகும் உண்ணாமலை அங்கேயே நின்றாள். அரசு வீட்டுத் திட்டத்தில் அவள் பெயர் வந்தது போன மாதம்தான். முந்திரிக் கொட்டை உடைக்கும் இடத்தில் சேதி தெரிந்தபோது, எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே எழுந்தவள், எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்து கொட்டையை உடைத்தாள். அந்தச் சந்தோஷத்தைப் போய்ச் சொல்ல அவளுக்கு ஒரு வாசல் இருக்கவில்லை.

திருவரங்குளத்திலிருந்து ஆலங்குடி போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி உள்ளே நடந்தால் வரும் ஊர் அவளுடையது. இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகித் திருப்பூர் போனாள். புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியதும் ஒரே ஒரு பையோடு திரும்பி வந்தாள். பிள்ளை இல்லை. அண்ணன் பெரியகருப்பன் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காமலே வீட்டின் பின்புற அறையை ஒழித்துக் கொடுத்தார். அந்த அறையில் அவள் கழித்தது ஏறக்குறைய அவள் ஆயுளில் பாதி. ஆத்தா சாவதற்கு முன் அண்ணன் தோப்பை ஒட்டிய துண்டு நிலத்தை அவள் பெயருக்கு எழுதி வைத்தாள். நீளமாக, ஒடுக்கமாக இருக்கும் கொல்லை. மேற்கே வாய்க்கால், கிழக்கே அண்ணனின் தென்னை.

போன வருஷம் தை மாதம் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. மருமகள் வந்ததும் அந்தப் பின்புற அறையில் புதுப் பீரோவும் கட்டிலும் ஏறின. உண்ணாமலையின் பெட்டி கூடத்துக்கு வந்தது; பிறகு மாட்டுக்கொட்டகைக்குப் போனது. யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. "நீ எங்க படுத்துக்கிற?" என்றும் யாரும் கேட்கவில்லை. அவளாகவே ஒரு சாயங்காலம், "கடலையப் பன்னி கெளறுது, காவலுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு டார்ச்சும் தூக்குச்சட்டியுமாகத் தன் கொல்லைக்குப் போனாள். அங்கே முந்திரி மரத்தடியில் தென்னங்கீற்றால் ஒரு கொட்டகை கட்டிக்கொண்டாள். கடலை பறித்து முடிந்தது. அப்புறமும் காவலுக்குப் போனாள். எதற்குக் காவல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் விடிவதற்குள் எழுந்து அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவாள். வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்து, சாணி அள்ளி, ஊர் கண்விழிக்கும்போது அண்ணன் வீட்டு வாசலில் நிற்பாள். பார்ப்பவர்களுக்கு அவள் அந்த வீட்டுக்காரி. அப்படியே இருக்கட்டும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

மறுநாள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காமல் இருந்ததால் செயலர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"வீடு, கடை, கம்பெனி கட்டுறதுன்னா எங்ககிட்ட வரணும். ரோட்டத் தோண்டுனாக்கூட எங்கள ஒரு வார்த்தை கேப்பாங்க. ஆனா பட்டா நெலத்துக்கு அடியில போற குழாய்க்கு நாங்க அனுமதி குடுக்கிறதில்ல அக்கா. வி.ஏ.ஓ.வப் பாருங்க."

கிராம நிர்வாக அலுவலர், "நான் நோட்டீஸ ஒட்டினேன், அவ்வளவுதான்" என்றார். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. தாலுகா ஆபீசில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். நிலத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, பட்டா அவள் பெயரிலேயேதான் இருக்கும். குழாய் பதித்துக்கொள்ளும் உரிமையை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் அது தாலுகாவின் கையில் இல்லை. டீ வாங்கிக் கொடுத்துத்தான் அவர் அவளை அனுப்பி வைத்தார்.

எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஒருவராவது எரிந்து விழுந்திருந்தால், இவர் கையில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் விரட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். எரிந்து விழ யாருக்கும் காரணமே இல்லை. அவள் கேட்பது அவர்கள் யாருடைய பொருளும் இல்லை.

குழாய் கம்பெனி சார்பில் ஊருக்கு வந்துபோகும் பிரவீன்குமாரையும் கேட்டாள். முப்பது வயதுக்குள் இருப்பான். வெயிலில் அலைந்து முகம் கன்றியிருந்தது.

"எங்களுக்கு டெல்லியில அனுமதி குடுத்தாச்சுங்க."

"டெல்லிக்கு எங் கொல்லையத் தெரியுமா தம்பி?"

அவன் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினான். "நீங்க பணம் கம்மின்னு சொன்னா நான் பேசிப் பாக்கலாம். எடத்த மாத்துறது என் கையில இல்லங்க."

ஊரில் குழாய் போகும் வழியில் நிலம் வைத்திருந்த மற்றவர்கள் எல்லாரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். இழப்பீடு எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். உண்ணாமலை ஆபீஸ் ஆபீஸாகப் போகிறாள் என்று தெரிந்ததும் பேச்சு மாறியது. முந்திரி உடைக்கும் இடத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் தங்கமுத்து, மணைக்கட்டையை இரண்டு ஆள் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "ஒன்னால எல்லாருக்குமுல்ல லேட்டாகும்" என்று மட்டும் சொன்னாள், அவள் முகத்தைப் பார்க்காமல். அன்றைக்கு முழுக்கக் கொட்டை உடைபடும் சத்தத்தைத் தவிர உண்ணாமலைக்கு வேறு பேச்சுத் துணை இல்லை.

திங்கட்கிழமை மனு நாளில் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்றாள். மனுவை வாங்கிப் படித்த இளம்பெண்ணின் பெயர் ரம்யா என்று மேஜையில் எழுதியிருந்தது. அவள் மனுவைப் பதிவு செய்துவிட்டு, உண்ணாமலையை ஓரமாக உட்காரச் சொன்னாள். கூட்டம் குறைந்த பிறகு உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்கங்க. இந்தக் குழாய்க்கு அனுமதி குடுக்கிறது பஞ்சாயத்து இல்ல, தாசில்தார் இல்ல, கலெக்டரும் இல்ல. அது சென்ட்ரல் கவர்மெண்ட். ஆனா அனுமதி முடிவாகுறதுக்கு முன்னாடி, நெலத்துக்காரங்க சொல்றதக் கேக்கிறதுக்குன்னே ஒரு அதிகாரியப் போட்டிருப்பாங்க. காம்பிடன்ட் அத்தாரிட்டின்னு பேரு. அவங்க ஒத்துக்கிட்டா அந்த எடத்துக்கு மட்டும் வழிய மாத்தலாம். ஒத்துக்கலன்னா அவ்வளவுதான். நம்ம லைனுக்கு ஆபீஸ் திருச்சியில இருக்கு."

"எப்ப வேணாப் போகலாமா?"

"நோட்டீஸ் வந்து மூணு வாரத்துக்குள்ள எழுதிக் குடுத்துரணும்." ரம்யா நாள்காட்டியைப் பார்த்தாள். "நாளைக்கே போயிருங்க அக்கா."

திருச்சியில் அந்த ஆபீசைக் கண்டுபிடிக்க அரை நாள் போனது. ஒரு குடியிருப்புத் தெருவில், கீழே பல் டாக்டரும் மேலே ஆபீசுமாக இருந்த வீடு. மாடிப்படி முழுக்க வெயில். உள்ளே நாற்காலிகள் நிறைய இருந்தன, ஆள்தான் இல்லை. ஜன்னலோர மேஜையில் ஒரு அம்மா தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸில் தயிர்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உண்ணாமலையைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டுக் கை கழுவி வந்தார். பெயர் அருள்ராணி. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிறிய சிலுவை. வருவாய்த் துறையில் இருந்து இந்த வேலைக்கு அனுப்பப்பட்டவர்; இன்னும் சில மாதத்தில் ஓய்வு.

"நீங்கதானுங்களா குழாய்க்கு அனுமதி குடுக்கிறவங்க?" என்று கேட்டாள் உண்ணாமலை.

அருள்ராணி லேசாகச் சிரித்தார். "அனுமதி குடுக்கிறவ இல்ல. ஆட்சேபணை கேக்கிறவ. எங்கிருந்து வாரீங்க?"

ஊரைச் சொன்னாள்.

"நான் ஆவூர்ப் பக்கம். உக்காருங்க. இந்த ஆபீஸ்னு ஒண்ணு இருக்கிறதத் தெரிஞ்சு வந்தவங்க கொஞ்சப் பேருதான். சொல்லுங்க, என்ன ஆட்சேபணை?"

"வீடு கட்டணுங்க. கவர்மெண்ட் வீடு வந்திருக்கு. குழாய் நடுவுல போகுது. ரெண்டு பக்கமும் மிஞ்சுறது ஒரு கட்டில் போடக் காணாதுங்க."

"இனிமே கட்டப்போற வீட்டுக்காக மாத்தச் சொல்லி எனக்குச் சட்டத்துல வழியில்லையேம்மா." அருள்ராணி வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆனா ஒண்ணு இருக்கு. நோட்டீஸ் வரதுக்கு முன்னாடியே அந்த எடத்துல யாராவது குடியிருந்திருந்தா, அதுக்கு அடியில குழாய் கொண்டுபோகக் கூடாது. ஓட்டு வீடோ ஓலைக் குடிசையோ, அது கணக்கில்ல. குடியிருந்தாங்களா, அதுதான் கேள்வி. அந்தக் கொல்லையில யாராவது இருந்தாங்களா?"

உண்ணாமலை வாயைத் திறந்தாள். மாடிப்படியில் யாரோ ஏறிவரும் சத்தம் கேட்டது. பல் டாக்டரைத் தேடி வந்தவர் தவறி மேலே வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"நீங்க எங்கம்மா குடியிருக்கீங்க?" என்று அருள்ராணி மறுபடி கேட்டார்.

"எங்க அண்ணன் வீட்டுலங்க."

எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை. யோசிப்பதற்குள் தானாக வந்துவிட்டது. அருள்ராணி அதைக் குறித்துக்கொண்டார். "ஆட்சேபணைய வாங்கிக்கிறேன். நேர்ல வந்து எடத்தப் பாக்கணும், பக்கத்து நெலத்துக்காரங்களையும் கேக்கணும். சொல்லி அனுப்புறேன்" என்றார். சொல்லும் விதத்திலேயே, இதில் பெரிதாக ஒன்றும் நடக்கப்போவதில்லை என்பது தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் கீரனூர் தாண்டும்வரை உண்ணாமலை ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. "கொட்டகையில இருக்கேன்" என்று சொல்ல ஏன் நாக்கு எழவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சொன்னால் அண்ணனுக்கு அவமானம். அது மட்டும்தானா என்றால் அதுவும் இல்லை. கூடப்பிறந்தவன் வீட்டில்கூடத் தனக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லை என்பதை வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். இதுவரை அது அவளுக்கும் அந்தக் கொட்டகைக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் ஜீப் வந்தது. அருள்ராணி, பிரவீன்குமார், கிராம நிர்வாக அலுவலர் மூவரும் இறங்கினார்கள். அண்ணனுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெரியகருப்பன் தோளில் துண்டோடு தோப்புக்குள்ளிருந்து வந்து தன் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். ஊர்க்காரர்கள் சிலர் வாய்க்கால் கரையில் கூடினார்கள்.

பிரவீன்குமார் வரைபடத்தைக் காட்டினான். "மேற்க தள்ள முடியாது மேடம், வாய்க்கால். மாத்தணும்னா கெழக்கதான். தென்னையில ஒரு வரிசை போயிரும்."

எல்லாரும் தென்னையைப் பார்த்தார்கள். கஜா புயலில் அண்ணனின் தோப்பு முழுதும் ஒரே ராத்திரியில் சாய்ந்தது. விடிந்ததும் பார்த்துவிட்டு அவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு கன்று வாங்கி வைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். அப்போது கூடவே குடம் சுமந்தவள் உண்ணாமலைதான். இப்போதுதான் பாளை விட்டு, முதல் குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அருள்ராணி பெரியகருப்பனைக் கேட்டார்.

"எனக்குச் சம்மதமில்லைங்க. புயல்ல போனது போக மிச்சம் இதுதான். மொதல்ல எங்க போட்டாங்களோ அங்கயே போகட்டும்."

"உங்க தங்கச்சிக்கு வீடு கட்ட எடமில்லாமப் போகுமே?"

"அவளுக்கு எதுக்குங்க வீடு? அவ எங்க வீட்டுலதான இருக்கா. எங்க குடும்பத்துல ஒருத்தி. நாங்க இருக்கிறவரைக்கும் அவளுக்கென்ன."

சாதாரணமாகத்தான் சொன்னார். வாய்க்கால் கரையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். போன வருஷத் தை மாதத்திலிருந்து இந்த வார்த்தையைக் கேட்கத்தான் உண்ணாமலை காத்திருந்தாள். ஒரு சாயங்காலம், அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "நீ எங்க வீட்டு ஆளு, எங்க போற" என்று அண்ணன் கேட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பாள். இன்றைக்குத்தான் சொல்கிறார், அதுவும் ஜீப்பில் வந்தவர்களிடம்.

அருள்ராணி அவள் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நீங்களும் அண்ணன் வீட்டுலதான் இருக்கிறதாச் சொன்னீங்க. அப்ப நான் எழுதிக்கலாமா?"

உண்ணாமலை வாய்க்கால் கரையில் தங்கமுத்துவும் நிற்பதைப் பார்த்தாள்.

"அன்னைக்குச் சொன்னது பொய்ங்க" என்றாள். குரல் தாழ்ந்துதான் வந்தது. "நான் இங்கதான் இருக்கேன். போன வருஷத்துலேருந்து. அந்தா, குச்சி வரிசையில நிக்கிற அந்தக் கொட்டகையில. சமைக்கிறது, படுக்கிறது எல்லாம் இங்கதான். விடியக்கால அங்க போய் வாசல் கூட்டுவேன், நாலு பேரு பாக்கட்டும்னு. எங்க அண்ணன் வீட்டுல எனக்கு எடமில்லைங்க."

பிரவீன்குமார் தரையைப் பார்த்தான்.

"பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று அருள்ராணி கேட்டார். "கரண்ட் பில், கேஸ் புக்கு, எதாவது?"

"ஒண்ணும் இல்லைங்க. யாரும் பாத்துரக் கூடாதுன்னுதான் இருந்தேன்."

அருள்ராணி கொட்டகையை நோக்கி நடந்தார். கூடவே மற்றவர்களும். பெரியகருப்பன் எல்லைக்கல்லைத் தாண்டத் தயங்கி, பிறகு வந்தார். வாசல் தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே மண் தரை மெழுகி வழுவழுப்பாக இருந்தது. மூலையில் மூன்று கல் அடுப்பு. அதற்கு மேலே கீற்று, நாள்பட்ட புகையில் தார் பூசியதுபோல் கறுத்து மினுங்கியது. அருள்ராணி விரலால் தொட்டுப் பார்த்தார். கொடியில் இரண்டு சேலை. கீற்றுச் சுவரில் செருகிய சீப்பு. அண்ணன் வீட்டிலிருந்து வந்த தகரப் பெட்டி, அதன்மேல் ஆத்தாவின் படம். அதற்குக் கீழே ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர்.

பெரியகருப்பன் முதல் தடவையாக அந்தக் கொட்டகைக்குள் நின்றார். நிமிர முடியாமல், கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றார். ஆத்தாவின் படத்தைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க சொன்னத எழுதிக்கிறேன்" என்றார் அருள்ராணி, குற்றம் சாட்டாத குரலில். "இவங்க உங்க வீட்டுலதான் குடியிருக்காங்கன்னு கையெழுத்துப் போடுவீங்களா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெளியே வந்து தன் தென்னைகளை ஒரு முறை பார்த்தார்.

"அவ இங்க இருக்கிறது ஊருக்குத் தெரியாதுங்க" என்றார். "எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் அவரிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் திரும்பித் தோப்புக்குள் நடந்தார். உண்ணாமலை "அண்ணே" என்றாள். அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அருள்ராணி ஆட்சேபணையை ஏற்று உத்தரவு போட்டார். குழாயின் பாதை உண்ணாமலையின் கொல்லையை விட்டுக் கிழக்கே வளைந்தது. தோப்புக்குப் புதிதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரியகருப்பன் அதற்கு ஆட்சேபணை எழுதிக் கொடுக்கவில்லை. அருள்ராணியை ஒரு தரம் போய்ப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று உண்ணாமலை நினைத்துக்கொண்டே இருந்தாள். போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அம்மா ஓய்வு பெற்று ஆவூருக்கே போய்விட்டதாகச் சொன்னார்.

ஓவர்சியர் சொன்னபடி வந்து மார்க் பண்ணிக் கொடுத்தார். கொத்தனாரோடு சேர்ந்து அவளும் மண் சுமந்தாள், செங்கல் எடுத்துக் கொடுத்தாள், சுவருக்குத் தண்ணீர் ஊற்றினாள். விடியற்காலையில் அண்ணன் வீட்டு வாசலைக் கூட்டப் போவதில்லை. போவதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. முதல் சில நாள் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்த சமயத்தில் தென்னைகளை வெட்ட ஆள் வந்தார்கள். மரம் அறுக்கும் மெஷின் சத்தம் காலையிலிருந்து கேட்டது. மரம் ஒவ்வொன்றும் விழும்போது நிலம் அதிர்ந்தது அவள் காலுக்குத் தெரிந்தது. மத்தியானம் சத்தம் நின்றதும் ஒரு செம்பில் மோர் எடுத்துக்கொண்டு எல்லைக்கல்வரை போனாள். அண்ணன் வெட்டிய மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இளங்குலைகள் சிதறிக் கிடந்தன.

"மோர் குடிங்கண்ணே."

அவர் வாங்கிக்கொண்டார். பாதி குடித்துவிட்டுச் செம்பைப் பிடித்தபடி இருந்தார்.

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் உண்ணாமலை.

"நீ சொன்னது நெசந்தான" என்றார் அவர். "நெசத்தச் சொன்னதுக்கு நான் என்ன சொல்றது." கொஞ்சம் பொறுத்து, "ஆனா எல்லார் முன்னாலயும் சொல்லிட்ட" என்றார்.

செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வீடு முடிந்தது. பால் காய்ச்ச நாள் பார்த்து, அண்ணன் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடு போனாள். மருமகள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் தட்டில் வைத்துக் கொடுத்தாள். "வாரோம்" என்றார் பெரியகருப்பன். புது வீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீர் அவர்தான் கொண்டுவர வேண்டும். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. தங்கமுத்துவிடமும் சொன்னாள். இழப்பீடு வந்துவிட்டதால் அவள் இப்போது மறுபடி பேசுகிறாள். "பாக்குறேன்" என்றாள்.

அன்றைக்கு விடிவதற்குள் குளித்து, வாசலில் கோலம் போட்டு, புது அடுப்பில் பாலை வைத்தாள். பால் பொங்கியது. விளக்கை ஏற்றினாள். ஆத்தாவின் படத்துக்குப் பூ வைத்தாள். வருபவர்களுக்கென்று பக்கத்து ஊரிலிருந்து இரவல் வாங்கிய டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தன. வெயில் ஏறியது. வாசலில் போய் நின்று பாதையைப் பார்த்தாள், உள்ளே வந்தாள், மறுபடி போய் நின்றாள். அண்ணன் வீட்டுப் பக்கமிருந்து யாரும் வரவில்லை, தங்கமுத்துவும் வரவில்லை. பால் ஆறி ஆடை படிந்தது. அதை மறுபடி சூடு பண்ணினாள்.

தோப்பில் பள்ளம் தோண்டிக் குழாய் இறக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பத்து மணி வாக்கில் அங்கிருந்து மஞ்சள் தொப்பி போட்ட நான்கு பையன்கள் எல்லைக்கல்லைத் தாண்டி வந்தார்கள். வடக்கத்திப் பையன்கள். ஒருவன் கையில் காலிப் பிளாஸ்டிக் கேன். "அம்மா, தண்ணி" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான் போலிருந்தது.

உண்ணாமலை கேனை வாங்கி நிரப்பினாள். பிறகு நின்று யோசித்தாள். நான்கு டம்ளரை நிமிர்த்திப் பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு ஆற்றினாள். வெளியே கொண்டுவந்தபோது அவர்கள் வெயிலில் சுவரோரமாக நின்று, பூச்சு காயாத சுவரைத் தொட்டுப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கோலத்தை மிதிக்காமல் காலைத் தள்ளி வைத்துக்கொண்டான்.

"உள்ள வந்து உக்காருங்க" என்றாள்.

அவர்களுக்குப் புரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் வாசலை விட்டு ஒதுங்கி நின்று, உள்ளே விரித்திருந்த பாயைக் கையால் காட்டினாள். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கியவர்கள், பிறகு கழற்றி ஓரமாக வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள்.